பட்டாசும் செப்புப் பலகையும்

தெருவில் அவருக்குப் பட்டாசு என்று பெயர். ரேடியோ, மிக்சி, மின்விசிறி எதைக் கொடுத்தாலும் பழுது பார்த்துவிடுவார். கொடுத்தவரையும் சும்மா விடமாட்டார். ஒரு பிடி பிடித்துத்தான் அனுப்புவார். இத்தனை வருஷம் அந்தக் கோபத்துக்கு ஈடுகொடுத்தவர் அவர் மனைவி ஒருவர்தான். வீட்டுக் கூடத்தில் தையல் வகுப்பு நடத்துகிறவர் என்பதால் எல்லோருக்கும் அவர் டீச்சர். பட்டாசு ஒன்று சொன்னால் டீச்சர் ஒன்பது சொல்வார்.

இரண்டு கை தட்டினால்தானே ஓசை? தொண்டையில் அறுவை சிகிச்சை ஆனபிறகு ஒரு கை போய்விட்டது. டீச்சருக்குக் குரல் வெறும் காற்றாக வந்தது. வாயருகே மைக், இடுப்பில் சின்ன ஒலிபெருக்கிப் பெட்டி என்று சமாளித்துக்கொண்டிருந்தார். பேட்டரி கசிந்து அந்தப் பெட்டிக்குள் இருந்த சர்க்யூட் பலகையையும் அரித்துத் தின்றுவிட்டது.

பெட்டி செய்த கம்பெனிக்குப் பட்டாசு போன் போட்டார்.

"அந்த மாடல் இப்ப வர்றதில்ல சார். புதுசு வாங்கிக்குங்க."

"புதுசு இருக்கா?"

"இப்போதைக்கு ஸ்டாக் இல்ல சார்."

"இல்லாதத எப்படிய்யா வாங்குறது?"

எதிர்முனையில் போனை வைத்துவிட்டார்கள். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெஷின் சத்தத்தில் டீச்சர் சொல்வது கேட்கவில்லை என்று இரண்டு பெண்கள் ஏற்கெனவே வகுப்புக்கு வராமல் நின்றுவிட்டார்கள். இப்படியே போனால் கூடமே காலியாகிவிடும். பெட்டியின் மற்ற பாகங்கள் நன்றாகத்தான் இருந்தன. பலகையைத் தானே செய்துவிடுவது என்று பரணில் ஏறினார்.

கடை ஆரம்பித்த காலத்தில் சர்க்யூட் செய்ய வாங்கிப்போட்ட, அட்டைமேல் செம்பு ஒட்டிய செப்புப் பலகைகள், மூன்று துண்டு, ஒரு துருப்பிடித்த டப்பாவில் கிடந்தன. செம்பு கறுத்து, ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது. முதல் துண்டை உப்புத்தாளால் தேய்த்தார். கம்பெனிக்காரனையே தேய்ப்பதாக நினைத்துக்கொண்டு தேய்த்தார். செம்பு உரிந்து அடியில் இருந்த அட்டை பல்லை இளித்தது.

"இது உப்புத்தாளா, அரமா?" என்று தாளைக் கசக்கி எறிந்தார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

இரண்டாவது துண்டுக்குப் பொறுமை வந்தது. நைசான தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்து, பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு அலசினார். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் மேலே ஒரே சீராகப் பரவியது. எண்ணெய்ப் பிசுக்கு இல்லை என்று அர்த்தம். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். பலகை புதுச் செம்பாக மின்னியது. உடனே கூடத்துக்கே எடுத்துப்போய் எல்லோரிடமும் காட்டி எச்சரித்தார்.

"யாரும் தொடக்கூடாது! விரல் பிசுக்குப் பட்டா அந்த எடத்துல திராவகம் அரிக்காது. இதோ, இப்படி விரல வெச்சா, அவ்ளோதான். புரியுதா?"

புரிந்தது என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

பெயிண்ட் பேனாவால் கோடுகள் வரைந்து பலகையைத் திராவகத்தில் போட்டார். கோட்டுக்கு அடியில் இருக்கிற செம்பு மட்டும் மின்சாரம் ஓடும் வழியாக நிற்க வேண்டும், மற்றதெல்லாம் கரைய வேண்டும். நட்ட நடுவில் ஒரு திட்டு மட்டும் கரையாமல் நின்றது. அதுவும் கரையட்டும் என்று ஊறவைத்தார். திட்டு அப்படியே இருக்க, மெல்லிய கோடுகள் அரித்து அறுந்துபோயின. வெளியே எடுத்துக் கழுவிப் பார்த்தால், திட்டு ஒரு பெருவிரல் ரேகை.

"யாரு தொட்டது?"

மெஷின்கள் நின்றன. அவர் நேரே டீச்சரிடம் வந்தார்.

"உனக்குத்தான்டி எதையும் எடுத்து வெக்காட்டி கை அரிக்கும்! யாருக்காக இந்தப் பாடு படுறேன்?"

டீச்சரின் உதடு அசைந்தது.

"என்ன முனகுற? வாயத் தொறந்து சொல்லு!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. ஒரு பெண் தலை குனிந்துகொண்டாள். டீச்சர் அழவில்லை. பட்டாசின் வலது கையைப் பிடித்து இழுத்து, பெருவிரலைப் பலகையில் இருந்த ரேகைக்குப் பக்கத்தில் வைத்தார். என்றைக்கோ சால்டரிங் கம்பி சுட்ட வடு அவர் விரலில் குறுக்கே ஓடியது. செம்பு ரேகையிலும் குறுக்கே அதே கோடு.

'இப்படி விரல வெச்சா' என்று விரலை வைத்துக் காட்டியது அவரேதான்.

மூன்றாவது துண்டைப் பட்டாசு தலை நிமிராமல் தேய்த்தார். டீச்சர் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றினார். இந்த முறை பட்டாசு பலகையை ஓரங்களில் மட்டும் பிடித்தார். யாருக்கும் எதையும் காட்டவில்லை. கோடு வரைந்து, திராவகத்தில் ஊறவைத்து, பாகங்களைப் பற்றவைத்து, மறுநாள் வகுப்பு நடக்கும்போது பெட்டியை டீச்சரின் இடுப்பில் அவரே கட்டிவிட்டார்.

பெட்டியிலிருந்து லேசாக ஓர் இரைச்சல் கேட்டது. டீச்சர் மைக்கை வாயருகே இழுத்துக்கொண்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"வாயத் தொறந்துட்டேன்," என்றார். கூடம் முழுக்கக் கேட்டது. "இப்பக் கத்துங்க, பாப்போம்."