கையால் பறக்கிறவர்கள்

ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகிற வழியில், முன்பு கேழ்வரகு விளைந்த மேட்டில், பச்சை கேட் போட்ட வீடு ஒன்று இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது ‘பிளேன்காரர் வூடு’. அப்பாவும் பிளேன், பிள்ளையும் பிளேன். அதுவும் ஆள் ஏற்றிப் போகிற பிளேன் இல்லை, சண்டை போடுகிற பிளேன். அந்த இரண்டு பேருக்கும் நடுவில், தரையில் நின்று சோறு வடித்துப் போட்டவள் அம்சவல்லி. அந்த வீட்டைப் பற்றி யார் பேசினாலும் அவளை விட்டுவிட்டுத்தான் பேசுவார்கள். எனக்கு அது பிடிக்காது. அதனால் இது அவள் கதை.

அம்சவல்லிக்குப் பிறவியிலேயே ஒரு குணம், எதையும் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டாள். பக்கத்து மனையில் கம்பி வேலி போட்டால், யார் வாங்கினார்கள், எந்தக் கம்பெனி வருகிறது, அதன் கேன்டீனில் யார் சமைக்கப் போகிறார்கள் என்பது வரைக்கும் சாயங்காலத்துக்குள் விசாரித்துவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு ஆண்டவன் பார்த்து வைத்த புருஷனோ, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ரகம்.

முனிரத்தினமும் அதே ஊர்தான். ஏர் பிடித்த குடும்பத்தில் பிறந்து, படித்து, பரீட்சை எழுதி, விமானப்படையில் சேர்ந்து, விங் கமாண்டராக ஓய்வு பெற்றவர். பஞ்சாப், அசாம், ராஜஸ்தான் என்று அவர் பின்னால் பெட்டி தூக்கியதில் அம்சவல்லிக்கு ஐந்து மொழியில் காய்கறி பேரம் பேச வரும். புருஷன் மேலே போய் என்ன செய்கிறார் என்பது மட்டும் ஒரு மொழியிலும் தெரியாது. கேட்டால், “போனேன், வந்தேன்” என்பார். உலகத்தில் இதைவிடக் கஞ்சத்தனமான பதில் இருக்க முடியாது என்பது அவள் கட்சி.

ஓய்வுக்குப் பிறகு ஒரகடத்தில், லாரிக்குப் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் அவருக்குப் போக்குவரத்து மேனேஜர் வேலை. ஷிப்டுக்கு ஆள் ஏற்றி இறக்கும் பஸ்களெல்லாம் அவர் பொறுப்பு. அங்கேதான் அவருடைய ஒரு பழக்கம் ஊர் சிரிக்க வெளியே வந்தது. இந்தப் பைலட்டுகள் வாயால் பேசுவதைக் கையால் பேசுவார்கள். வலது கை ஒரு விமானம், இடது கை இன்னொன்று. ஒன்று சாயும், மற்றது அதன் வாலைப் பிடித்துக்கொண்டு திரும்பும். கம்பெனி கேட்டில் இரண்டு பஸ் இடிக்காமல் எப்படித் திரும்ப வேண்டும் என்பதையும் அதே கையால்தான் சொல்லிக் கொடுப்பார்.

திருநெல்வேலிப் பக்கத்து டிரைவர் கொம்பையா அம்சவல்லியிடமே வந்து சொன்னான். “யம்மா, சாரு ரெண்டு பஸ்ஸயும் கையிலயே ஓட்டிருதாவ. எங்களுக்கு சும்மா உக்காந்து சம்பளம் வாங்குத மாதிரி இருக்கு, பாத்துக்கிடுங்க.”

அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். ஆனால் அந்தக் கைகளின் மேல் அவளுக்குப் பொறாமையும் உண்டு. மகன் ரகுபதி அப்பாவைப் போலவே போர் விமானி ஆன பிறகு, லீவில் வந்தால் போதும், சாப்பாட்டு மேஜையில் நான்கு கைகள் பறக்கும். “இங்க பாருங்கப்பா” என்று அவன் ஒரு கையைச் சாய்ப்பான். “இல்லடா, அங்க லேட்டு” என்று இவர் குறுக்கே தன் கையைக் கொண்டுவருவார். ரசச் சொம்பு மலையாகும், அப்பளம் ஓடுதளமாகும். நடுவில் உட்கார்ந்து அம்சவல்லி, ஊஞ்சலைப் பார்க்கிற குழந்தை மாதிரி, தலையை அங்கும் இங்கும் திருப்புவாள்.

“எனக்கும் சொல்லிட்டுத்தான் பறங்களேன்” என்பாள். இரண்டு பேரும் ஒன்றாகச் சிரிப்பார்கள். சொல்லத்தான் மாட்டார்கள்.

2005 பொங்கலுக்கு ரகு தன் கூட்டாளி தேஜிந்தரையும் கூட்டி வந்திருந்தான். ஒரே விமானத்தளத்தில், பக்கத்துப் பக்கத்து விமானத்தில் பறக்கிறவர்கள். மேஜையில் அன்றைக்கு ஆறு கைகள். அந்த சர்தார் பையன் அவளுடைய காராமணிக் குழம்பைத் திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிட்டான். பறந்த வேகத்தில் மோர்க் கிண்ணத்தையும் கவிழ்த்தான். கிளம்பும்போது ‘அம்மா’ என்று காலைத் தொட்டுவிட்டுப் போனான்.

அதே வருஷம் ஆடி மாதம் ரகுபதி திடுதிப்பென்று வந்து நின்றான். ஒரு வார லீவு என்றான். முதல் சாப்பாட்டிலேயே அம்சவல்லி கவனித்துவிட்டாள். மேஜையில் ஒரு கையும் எழும்பவில்லை. பிள்ளை தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான், அப்பா அவனைப் பார்க்காமல் சாப்பிட்டார். அப்பளம் வெறும் அப்பளமாகவே கிடந்தது.

அவளுக்குப் பொறுக்குமா? விசாரணையை ஆரம்பித்தாள். கையில் அடிபட்டிருக்குமோ என்று முதலில் சந்தேகம். அரிசி மூட்டையை உள்ளே கொண்டுபோய் வைக்கச் சொன்னாள், பூப்போலத் தூக்கி வைத்தான். ஒருவேளை எவளையாவது மனசில் வைத்திருக்கிறானோ என்று, தூரத்துச் சொந்தத்தில் ஒரு பெண்ணின் போட்டோவை நீட்டினாள். “சரிம்மா” என்றான். வேறு ஒரு போட்டோவை நீட்டினாள். அதற்கும் “சரிம்மா” என்றான். எந்தப் பெண்ணைக் காட்டினாலும் சரி என்கிறவனுக்குக் காதல் எங்கேயிருந்து வரும்? அந்த எண்ணத்தையும் கைவிட்டாள். அப்பாவோடு சண்டையோ என்று பார்த்தால், இவர் கம்பெனியிலிருந்து வந்ததும் அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்கிறார். பேச்சு மட்டும் இல்லை.

அதற்குள் ரகு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக் கொல்லையில் பரப்பிவிட்டான். எதற்கு என்று கேட்டால், “சத்தம் சரியில்ல” என்றான். வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தெருக்குழாயில் குடம் தூக்கிய கடுப்பில்தான் அம்சவல்லிக்குப் பளிச்சென்று ஒன்று பட்டது. வந்ததிலிருந்து இவன் தேஜிந்தர் பேரையே எடுக்கவில்லை. அவளாக எடுத்தாலும் எழுந்து போய்விடுகிறான். ஆக, கூட்டாளியோடு மனத்தாங்கல்! கண்டுபிடித்த சந்தோஷத்தில் குடத்தின் கனம்கூடத் தெரியவில்லை அவளுக்கு.

மறுநாள் காலை இட்லி சாப்பிட உட்கார்ந்தவனிடம் போனைக் கொண்டுவந்து நீட்டினாள்.

“அந்த தேஜிக்குப் போடு. நானே பேசறேன்.”

“வேணாம்மா.”

“இன்னா வேணாம்? கூடப் பொறந்தவன் மாரி இருந்துகினு, இன்னாத்துக்குடா மூஞ்சத் திருப்பிக்கினு கீறீங்க? தப்பு உன்னுதுன்னா மன்னிப்பு கேளு. அவன்துன்னா நான் கேக்கறேன். போடு.”

ரகு போனை வாங்கினான். பிறகு அதை இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டான்.

ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த முனிரத்தினம் நிமிரவில்லை. “விடு அம்சா. அந்தப் பையன் இல்ல.”

“இல்லன்னா?”

“போன மாசம். விழுந்துட்டான். பேப்பர்ல வந்துச்சு, ஆபீஸ்லயே பாத்துட்டேன். பழைய சிநேகிதன் ஒருத்தன் சொன்னான், பக்கத்துல பறந்தது நம்ம ரகுதான்.”

குழம்பு கேட்ட அந்த முகம் அம்சவல்லியின் கண் முன்னால் வந்தது. கூடவே, மகன் கையில் தான் திணித்த போனும். அப்புறம் கோபம் வந்தது.

“தெரிஞ்சும் என்னாண்ட ஒரு வார்த்த சொல்லலியே நீங்க? அவனயாவது கேட்டீங்களா, எப்படிடா ஆச்சுன்னு?”

“நாங்க கேக்கறதில்ல அம்சா. எங்கள்ல அது பழக்கமில்ல. அவனே சரியாயிடுவான். நான் ஆகலியா?”

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்க வேண்டாமே என்று அவருக்குத் தோன்றியது போலும். லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

அம்சவல்லி அவரையே பார்த்தாள். கல்யாணமான மறு வருஷம், ரகு பிறக்கும் முன்பு, இவர் இதேபோல் சொல்லாமல் கொள்ளாமல் லீவில் வந்தார். வந்த லீவு முழுக்க, ஆட்களை அனுப்பிவிட்டு, தானே கிணற்றில் இறங்கித் தூர் வாரினார். ஆபீசர் ஆனாலும் மண்ணை மறக்கவில்லை பார் என்று ஊரே மெச்சியது. அவளும் புதுப் பெண்டாட்டி, பெருமையில் பூரித்துப்போய் மேலேயிருந்து கயிறு பிடித்தாள். அப்போது இவருடைய கூட்டாளி யாரோ விழுந்திருக்கிறான் என்று அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. கல்யாணமான புதிதில் சைக்கிளில் அவளை உட்காரவைத்துப் பாட்டுப் பாடிக்கொண்டே மிதித்தவர் அந்தக் கிணற்றுக்குள் இறங்கினார். ஏறி வந்தவர், “போனேன், வந்தேன்” என்கிற இந்த மனிதர்.

சனிக்கிழமை ரயிலுக்கு ரகுவும் கிளம்பிவிடுவான். போய் மறுபடி அந்த விமானத்தில் ஏறுவான். ஏறட்டும், அது அவன் தொழில். ஆனால் இப்படியே வாயை மூடிக்கொண்டு போனால், திரும்பி வருகிறவன் தன் பிள்ளையாக இருக்கமாட்டான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. புருஷனை விட்டுக்கொடுத்தது போதாதா?

“உங்களுக்குத்தான பழக்கமில்ல. எனக்குப் பொறந்ததுலேர்ந்து அதான் பழக்கம்” என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போனாள்.

ரகு ஈர மண்ணில் சம்மணம் போட்டு, கிரீஸ் கையோடு மோட்டாரின் வயிற்றைத் துடைத்துக்கொண்டிருந்தான். அம்சவல்லி எதிரே உட்கார்ந்தாள். “அது தெரியாம போன் போடச் சொல்ட்டேன்டா கண்ணு” என்றாள். அவன் தலையாட்டினான். ஆறுதல் சொல்ல அவளுக்கு வராது. அதனால் அவளுக்கு வருவதைச் செய்தாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, கோலாட்டம் ஆடுகிறவள் மாதிரி அசைத்தாள்.

“எப்படிப் போனீங்க ரெண்டு பேரும்? இப்படியா?”

அவன் பார்க்காமல் இருக்கப் பார்த்தான். முடியவில்லை. வேலை தெரிந்தவனுக்கு முன்னால் தப்பாகச் செய்தால் அவனால் சும்மா இருக்க முடியாது.

“இல்லம்மா. அவ்ளோ கிட்ட வரமாட்டோம்.”

“எனக்கு இன்னா தெரியும்? நீ காட்டு.”

அவள் வலது கையை அவன் பிடித்தான். கிரீஸ் அவள் விரலெல்லாம் ஒட்டியது. “இது தேஜி” என்றான். தன் கையை அதற்குச் சற்றுப் பின்னால், பக்கவாட்டில் நிறுத்தினான். “இது நான். அப்பதான் தரைய விட்டுக் கிளம்புனோம். உயரமே இல்லம்மா.” இரண்டு கைகளும் மேலே ஏறின. “பறவை. ஒரு கூட்டம். எனக்கு முன்னாடி அவன் மேல அடிச்சிடுச்சு. இன்ஜின் போயிடுச்சு. குதிடான்னு கத்தினேன். ‘சரி’ன்னான். அந்த ஒரு வார்த்ததாம்மா. குதிக்கல.”

அவன் கை அந்தரத்தில் வளைந்து வளைந்து சுற்றியது. ஹெலிகாப்டர் வருகிற வரைக்கும் அங்கேயே சுற்றிக்கொண்டு இருந்தானாம். இன்னொரு கையால் அவள் கையைப் பிடித்துக் கீழே கொண்டுவந்தான். கீழே, இன்னும் கீழே. தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றுவிட்டது.

அம்சவல்லி காத்திருந்தாள். அவன் பிடி அதற்குமேல் இறங்கவில்லை. போதும்டா கண்ணு என்று சொல்லிவிடலாம் போல் இருந்தது அவளுக்கு. சொன்னால், அந்தக் கை இப்படியே இன்னும் எத்தனை வருஷம் தொங்கிக்கொண்டு நிற்கும் என்றும் தெரிந்தது. தன் கையைத் தானே மெதுவாக அழுத்தி இறக்கி, உள்ளங்கையை ஈர மண்ணில் வைத்தாள்.

ரகுபதி அப்போதுதான் அழுதான். சின்ன வயதில்கூட அப்படி அழுததில்லை. அவள் மடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, கிரீஸ் கையோடு அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவளும் அழுதாள், அந்தக் குழம்புப் பிள்ளைக்காக.

நிமிர்ந்தபோது கொல்லை வாசலில் முனிரத்தினம் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. வாசல் பக்கம் அவரை ஏற்றிக்கொண்டு போக வந்த கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. கொம்பையாதான். அவர் திரும்பவில்லை.

“இப்படி வந்து உக்காருங்க” என்றாள் அம்சவல்லி. “உங்களுது யாரு?”

அவர் அவளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். பிறகு, இஸ்திரி போட்ட பேன்ட்டோடு அந்தச் சேற்றில் உட்கார்ந்தார்.

“கையக் குடு அம்சா.”

மண் ஒட்டியிருந்த கையையே நீட்டினாள். அதைத் தன் கைக்குப் பக்கத்தில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, முப்பது வருஷமாக அந்த வீட்டில் யாரும் கேட்டிராத ஒரு பேரைச் சொன்னார்.