ஏழு மணிக்கு ஒன்றும் கேட்காத ஊர்

நெரெய்டா போலங்கோவுக்கு ஐம்பத்தாறு வயது. நிலக்கரியைக் கைவிட்ட பிறகு நாடு எப்படி விளக்கெரிப்பது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் ஆபீசில், தலைநகர் சாண்டோ டொமிங்கோவில், இருபத்திரண்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறாள். நாலு மந்திரிகளுக்கு நாலு திட்டம் போட்டுக் கொடுத்தாயிற்று. நாலும் அலமாரியில் தூங்குகின்றன. அதிசயமாக இந்த ஐந்தாவதை நிஜமாகவே கட்டப் போகிறார்களாம். வெள்ளிக்கிழமை அறிவிப்பு.

செவ்வாய்க்கிழமைதான் அது அவள் கண்ணில் பட்டது. வெயிலில் பிடித்த மின்சாரத்தை இரவுக்குச் சேர்த்து வைக்கும் பேட்டரிகளை ஊர் ஊராகப் பிரித்த கம்ப்யூட்டர், லோமா செக்காவுக்கு மட்டும் ஒன்றுகூடத் தரவில்லை. ஏழு மணி முதல் ஒன்பது வரை அங்கே தேவை சைபர் என்றது. எல்லையோரத்து அந்த ஊரில்தான் அவள் தங்கை யோகாஸ்டா சலூன் வைத்திருக்கிறாள். நெரெய்டா போன் போட்டாள்.

"ஏண்டி, ராத்திரி ஏழு மணிக்கு மேல உனக்குக் கரண்டே வேண்டாமா?"

"நல்லா கேட்டே போ! அந்த நேரத்துல இங்க என்னைக்குக்கா கரண்ட் இருந்திருக்கு? முடியைச் சுருட்ட ரோலர் சுத்தி உக்காந்திருக்கறவளையும் ஈரத் தலையோட அனுப்பிட்டுக் கடையைச் சாத்திடுவேன். ஏழு மணிக்கு நாங்க எதுவும் கேக்கறதில்ல."

நெரெய்டாவுக்குச் சுருக்கென்றது. மீட்டரில் பதிவானதைத்தான் தேவை என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லியிருந்தார்கள். தினமும் அந்த நேரத்தில் கரண்டை வெட்டியதால் மீட்டர் ஓடவில்லை. மீட்டர் ஓடாததால் ஊருக்குத் தேவையே இல்லை என்றாகிவிட்டது. அந்தச் சைபரை முதன்முதலில் உள்ளே போட்டதே அவள் கைதான்.

மேலதிகாரி ஃபெர்மினிடம் போனாள். கணக்கைத் திருத்தி மறுபடி ஓட்ட ஆறு நாள் ஆகும் என்றாள்.

"தேவை இருக்குன்னு என்ன ஆதாரம் மேடம்?"

"என் தங்கச்சி."

"அவங்களையா கம்ப்யூட்டர்ல ஏத்தப் போறீங்க? அடுத்த திட்டத்துல பாத்துக்கலாம். கையெழுத்தைப் போடுங்க."

அடுத்த திட்டம் வருவதற்குள் அவள் ஓய்வு பெற்றிருப்பாள். அது இருவருக்கும் தெரியும். மல்லுக்கட்ட அவளுக்குத் தெம்பில்லை. கையெழுத்தைப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை மந்திரிக்குப் பின்னால் நின்றாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது போன் அடித்தது.

"அக்கா! டிவியில உன்னைத்தான் திரும்பத் திரும்பக் காட்டறாங்க! தெருவே என் சலூன்ல நிக்குது. நம்ம ஊருக்கும் விடிவுகாலம்னு... அட, கரண்ட் போயிடுச்சு!"

பின்னால் பத்துப் பெண்கள் ஒரே குரலில் திட்டினார்கள். பிறகு சிரித்தார்கள். நெரெய்டாவுக்கு மணி பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"சரி விடுக்கா," என்றாள் யோகாஸ்டா. "அதான் நீ சரி பண்ணப் போறியே."