ரோசி பேச வேண்டிய இடம்

மகளின் பள்ளிக்கு நாடகக் குழு வந்திருந்தது. அரிதாரமும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாடை மூக்கில் ஏறியதும் நான் மறுபடி தலைச்சோலைப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புப் பிள்ளையாகிவிட்டேன்.

அன்றும் ஒரு குழு ஜீப்பில் வந்து, வராந்தாவில் நாடகம் போட்டது. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தும் அப்பாவின் கதை. மகளாக நடித்த அக்கா பாதியில் எங்கள் பக்கம் திரும்பினார்.

"எனக்குப் பதிலா அப்பாகிட்ட யாரு வந்து பேசறீங்க, கண்ணு?"

என் பக்கத்தில் ரோசி எழுந்தாள். அடுத்த வாரம் அவளையும் பழம் பறிக்க நிறுத்தப்போகிறார்கள். அவள் அப்பா பின்னால்தான் நின்றிருந்தார். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கிய திமிர் எனக்கு. அவளைத் தாண்டி ஓடி, கல்வியின் சிறப்பை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். ஒரே கைதட்டல்.

"நொம்ப நல்லாப் பேசுன சாமி" என்றார் ரோசியின் அப்பா.

முகச்சாயத்தைத் துடைத்துக்கொண்டே அந்த அக்கா கேட்டார்: "உன் பக்கத்துல எந்திரிச்சுதே, அந்தப் புள்ள என்ன சொல்ல வந்துச்சு?"

"அவளுக்குப் பேசத் தெரியாதுங்கக்கா."

அடுத்த வாரம் பள்ளியிலிருந்து நின்ற ரோசி பிறகு வரவேயில்லை.

இங்கே, "யாரு வர்றீங்க?" என்று மேடையிலிருந்து கேட்டார்கள். முதல் ஆளாக என் மகள் ஓடினாள். அவளுக்குப் பக்கத்தில் பாதி எழுந்த ஒரு குழந்தை மெல்ல உட்கார்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். என் கை எழவில்லை.