இடது சேனல்

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில், சுண்ணாம்புக்கல் நொறுக்கும் பிரிவில் ஃபிட்டராக இருந்தேன். நாள் முழுக்க கல் உடைபடும் சத்தம். அதனாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் சுத்தமான ஒலி வேண்டும் எனக்கு. வேறு கெட்ட பழக்கம் கிடையாது.

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்த சமயம், துபாயிலிருந்து ஊர் திரும்பிய லப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர் தன் பழைய ஸ்டீரியோ செட்டை விற்றார். ரெக்கார்டு பிளேயர், ப்ரீஆம்ப், ஸ்பீக்கரை முழங்க வைக்கும் பவர் ஆம்ப், இரண்டு ஸ்பீக்கர். அதில் நான் மயங்கியது ப்ரீஆம்பில்தான். எழுபதுகளில் செய்த ஜப்பான் பெட்டி, வெள்ளி நிற முகப்பு. ரெக்கார்டு ஊசியிலிருந்து வரும் சத்தம் கொசு முனகலைவிட மெலிது. அதைத் தூக்கி, ரெக்கார்டில் பள்ளம் வெட்டிப் பாட்டைப் பதியும்போது குறைத்துவிட்ட அடித்தொனியைத் திரும்பச் சேர்த்து, பவர் ஆம்புக்கு அனுப்புவது இதன் வேலை. வால்யூமை முழுக்கத் திருப்பி வைத்தாலும், பாட்டு இல்லாதபோது ஸ்பீக்கரில் லேசான மூச்சு மாதிரிதான் கேட்கும். பேஸுக்கும் டிரெபிளுக்கும் தனித்தனித் திருகு, அவை எந்தத் தொனியிலிருந்து வேலை செய்யவேண்டும் என்று சொல்ல ஒரு சுவிட்ச், பக்கங்களைச் சரிசெய்ய பேலன்ஸ், இடம் வலத்தை அப்படியே மாற்றிப்போட 'ரிவர்ஸ்' என்று ஒன்று.

என்னிடம் ஒரு வீணைக் கச்சேரி ரெக்கார்டு இருந்தது. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் வலப்பக்கம் வீணை, இடப்பக்கம் மிருதங்கம். கண்ணை மூடினால் ஆட்கள் உட்கார்ந்திருக்கும் இடம் தெரியும்.

ஒரு மாசி மாதம் எனக்கு நல்ல ஜலதோஷம். காது அடைத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை காலை ரெக்கார்டைப் போட்டேன். மிருதங்கம் இல்லை. இல்லை என்றால் அடியோடு இல்லை என்றல்ல. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ வாசிப்பதுபோல் இருந்தது. கச்சேரி முழுவதும் வலப்பக்கம் சரிந்து கிடந்தது. கூடவே இடப்பக்கம் ஓயாத ஒரு உஸ்ஸ்.

எழுந்து போய் இடது ஸ்பீக்கரிடம் குனிந்தேன். மிருதங்கம் நன்றாக வந்தது. நாற்காலிக்குத் திரும்பினேன், போய்விட்டது. ப்ரீஆம்பில் இடது சேனல், அதாவது அந்தப் பக்கத்து ஒலி வரும் வழி, விட்டு விட்டு வருகிறது என்று முடிவு கட்டினேன்.

அன்றிலிருந்து பித்துப் பிடித்தவன் மாதிரி ஆகிவிட்டேன். மூடியைக் கழற்றித் திருகுகளுக்கெல்லாம் கிளீனர் அடித்தேன். பழைய கண்டென்சர்களை மாற்றினேன். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அதன் முன்னால் உட்கார்ந்தேன். கடைசியில் பெட்டியைப் போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திருச்சிக்குப் போனேன். மெக்கானிக் மீட்டர் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு சேனலும் ஒரே அளவுதான் வருது சார். இரைச்சலும் ஒண்ணும் இல்ல."

"எனக்குக் கேக்குதே. செட்ட நிறுத்துனாக்கூட உஸ்ஸுங்குது."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நிறுத்துனப்புறம் எப்படி சார் கேக்கும்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் ரிவர்ஸைப் போட்டேன். வீணை இடப்பக்கம் வந்தது, இப்போது வீணை மங்கியது. குறை மிருதங்கத்தோடு வலப்பக்கம் போகவில்லை, அப்படியானால் அது ப்ரீஆம்பில் இல்லை. ஸ்பீக்கர்களை இடம் மாற்றினேன். அப்போதும் இடப்பக்கம்தான். பவர் ஆம்ப் ஒயர்களை இடம் வலமாக மாற்றினேன், அதே கதை. மாற்ற இனி எதுவும் மிச்சமில்லை.

என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். "என்னங்க, எனக்கு ரெண்டு பக்கமும் நல்லாத்தான் கேக்குது."

"நீ இங்க உக்காந்து கேளு."

உட்கார்ந்து கேட்டாள். "அதே மாதிரிதான் இருக்கு."

அவளை எழுப்பிவிட்டு, நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை, செய்துவிட்டேன். அதுவரை நன்றாக ஒலித்த ஸ்பீக்கர் மங்கிப்போனது. மங்கியிருந்தது முழங்கியது. நான் திரும்பியதும் குறையும் என்னோடு திரும்பிவிட்டது.

வலது காதை விரலால் அடைத்தேன். கச்சேரி நின்றுபோனது. உஸ்ஸ் மட்டும் இருந்தது. என் மனைவியின் வாய் அசைவது தெரிந்தது.

திருச்சி டாக்டர் காதில் கருவி மாட்டிப் பார்த்துவிட்டு, "இது ஜலதோஷ அடைப்பு இல்ல. உள் நரம்பு போயிருக்கு. ஆரம்பத்துலயே வந்திருந்தா மருந்து குடுத்துப் பாத்திருக்கலாம்" என்றார். அந்த நாட்களையெல்லாம் நான் அந்தப் பெட்டிக்குக் கொடுத்திருந்தேன்.

அதன்பின் யார் எதைச் சொன்னாலும் செய்தோம். உடையார்பாளையத்தில் ஒரு வைத்தியரிடம் சொட்டு மருந்து வாங்கினோம். ஏலாக்குறிச்சி மாதா கோவிலுக்குப் பஸ் ஏறிப் போய் மனைவி மெழுகுவர்த்தி ஏற்றினாள். நாங்கள் சாமி கும்பிடுவது வேறு கோவிலில்தான், ஆனால் அப்போது அதையெல்லாம் பார்க்கிற நிலையில் இல்லை. எதற்கும் காது அசைந்து கொடுக்கவில்லை. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஹாரன் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று தெரியாமல் நடுவில் நின்றுவிட்டேன். டிரைவர் திட்டியதுகூட எங்கிருந்து என்று தெரியவில்லை. ஆலையில் என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். ராத்திரியெல்லாம் அந்த உஸ்ஸ் என்னைத் தூங்கவிடவில்லை. செத்துவிடலாமா என்றுகூட நினைத்ததுண்டு, அதை யாரிடமும் சொன்னதில்லை.

செட்டை விற்றுவிடச் சொன்னேன். மனைவி விற்கவில்லை. பாட்டில் அவளுக்குப் பெரிய ஈடுபாடு எப்போதும் இருந்ததில்லை. ஆனால் ஒரு மத்தியானம் நான் ஸ்டோரிலிருந்து வந்தபோது அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது. என்னைக் கையைப் பிடித்துத் தன் இடப்பக்கம், என் நல்ல காது அவள் பக்கம் இருக்கும்படி உட்கார வைத்தாள்.

"வீணை அந்தக் கடைசியில இருக்கு. மிருதங்கம் இப்பதான் ஆரம்பிக்குது, சன்னல் ஓரமா. விரல மட்டும் வச்சி வாசிக்கிறாருங்க."

எனக்கு எல்லாம் ஒரே இடத்திலிருந்துதான் வந்தது. தலையை ஆட்டினேன். அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள், நான் அவள் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ரெக்கார்டு முடியும்வரை.