பெருவிரல் அம்மாவின் தோடு

போன கிழமை ஒரு நாள், கையில் பால் விடாத பிளேன்டீயோடு நான் சிலைபோல நின்றேன். ஆடக்கூடாது, அசையக்கூடாது. ஏன் என்று கேட்கிறீர்களா? ஒரு கல்லுக்காக. அதுவும் கடுகளவு கல்… பெயின்டில் செய்த கல்!

பக்கத்து வீட்டுத் தவமணிக்குச் சின்னஞ்சிறு பொம்மைகளுக்கு நிறம் தீட்டுவது தொழில். துறைமுகம் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர் வாங்கிப் போவார்கள். ஆனால் இந்தப் பொம்மை சம்பூர் மகேஸ்வரிக்கு. பெருவிரல் உயரத்தில் அவருடைய அம்மா.

சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்தபோது அம்மாவின் படங்களெல்லாம் போய்விட்டன. முகம்கூட இப்போது மங்கலாகத்தான் ஞாபகமாம். காதில் கிடந்த கருஞ்சிவப்புக் கல் தோடு மட்டும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது — அது சரியாக வந்தால்தான் பொம்மையைச் சாமியறையில் வைப்பாராம்.

அன்றைக்கு நான் தவமணி வீட்டில் இருந்தபோதும் வந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“உது கல்லோ பிள்ளை? குங்குமப் பொட்டு மாதிரியெல்லோ கிடக்கு. காதிலயோ பொட்டு வைக்கிறது?”

தவமணிக்கு முகம் சுருங்கிவிட்டது. “எத்தினை தரம் அழிச்சு அழிச்சுப் போட்டனான் எண்டு தெரியுமோ அம்மா?”

“இன்னும் ஒருக்கா அழி. எனக்கு மிஞ்சினது உந்தக் கல் ஒண்டுதான்.”

இடையில் பேசக் கூச்சப்பட்டு நான் குசினிக்குள் போனேன். பிளேன்டீ ஊற்றிக்கொண்டு திரும்பி, யன்னலடிக்கு வந்தேன்.

“மாமி, அப்பிடியே நில்லுங்கோ!” தவமணி கத்தினாள்.

அவள் பார்த்தது என்னையல்ல, கையிலிருந்த கண்ணாடிக் கிளாஸை. நானும் பார்த்தேன். யன்னல் பக்கம்தானே பளிச்சென்று இருக்கவேண்டும்? இல்லை! அந்தப் பக்கம் தேநீர் கறுத்துக் கிடந்தது. மற்றப் பக்கம்தான் தணல்போலச் சிவந்து எரிந்தது. இத்தனை வருஷமாகத் தேநீர் ஊற்றுகிறேனே… ஒரு நாளாவது இதைக் கண்டேனா?

“வெளிச்சம் படுற பக்கத்தையெல்லோ நான் வெளுப்பாக்கினனான்,” என்றாள். “வெளிச்சம் உள்ளுக்கப் போய் அங்கால நிக்குது, மாமி!”

பழையதைத் துடைத்தாள். மேலே கறுப்பு. கீழே போகப்போகச் சிவப்பு. அடி விளிம்பில் ஒரு செம்மஞ்சள் கீற்று. கடைசியாக, கறுத்த பக்கத்திலேயே ஊசிமுனையளவு ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளி விழுந்ததும்… என்ன சொல்ல! பெயின்ட் மறைந்துவிட்டது. கல் இருந்தது.

மகேஸ்வரி பூதக்கண்ணாடியை வாங்கிக் குனிந்தார். தவமணி நகத்தைக் கடித்தாள்.

“மூக்கு அம்மாட மூக்கில்லை,” என்றார் மகேஸ்வரி.

“மாத்தட்டோ?”

“ஐயோ, தொடாத! தோடு அவவின்ட தோடுதான். தோட்டோட அவவும் வந்திட்டா.”

வெளியே நல்ல வெயில். மகேஸ்வரி குடையை விரித்தார். தன் தலைக்குப் பிடிக்கவில்லை. கையில் இருந்தவருக்குப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

பெருவிரல் உயர அம்மாவுக்கு ஒரு முழுக்குடை!