வாசலில் பார்க்காத தேதி

நான் தேர்ந்தெடுத்த ஒரு மென்பொருளால் ஒரு மனிதனின் வேலை போயிற்று. இன்று அவன் என் அடுக்ககத்தின் வாசலில் காவலாளி. தினமும் எனக்குக் கதவு திறந்துவிடுகிறான்.

திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிறகும் ஆலோசகர் என்று வைத்துக்கொண்டார்கள். பழைய, புதிய பாதுகாப்புச் சுற்றறிக்கைகளையெல்லாம் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து, தொழிலாளி கைபேசியில் கேட்டால் பதில் சொல்லும் செயலி ஒன்று செய்யத் திட்டம். அதற்கு ஒரு வெக்டர் டேட்டாபேஸ் வேண்டும். ஒவ்வொரு பத்தியின் பொருளையும் எண்களாக்கி வைத்துக்கொண்டு, கேள்விக்கு மிக நெருங்கியவற்றை எடுத்துத் தரும் கிடங்கு அது. அப்படி இரண்டு டேட்டாபேஸ்கள் முன்னால் இருந்தன; ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு.

செயலியைச் செய்த இளம் பொறியாளர் பெண் பொறுமையாக விளக்கினாள்.

“சார், முதல் டேட்டாபேஸ் நம்ம யார்டு கேட் மாதிரி. இப்ப அமல்ல இருக்கிற சுற்றறிக்கையான்னு வாசல்லயே பாத்துட்டுத்தான் தேடும். ரெண்டாவது, நெருக்கமான பத்து பத்தியை அள்ளிட்டு வந்து, அப்புறம்தான் பழசைக் கழிக்கும். பத்துமே பழசுன்னா ஒண்ணும் மிஞ்சாது. பதில் இல்லைன்னு மட்டும் வரக்கூடாதுன்னு நீங்க சொன்னதால, ஆப் அந்தப் பழசையே காட்டிடும்.”

“வேகம் எது?”

“ரெண்டாவது. ஆனா சார்...”

இரண்டாவதுதான் என்று முந்தைய நாளே மேலாளரிடம் சொல்லிவிட்டிருந்தேன். மாற்றிச் சொல்ல வெட்கம். பரிசோதனைக் கேள்விகளை நானே எழுதினேன். எல்லாம் எனக்குப் பதில் தெரிந்த கேள்விகள். எல்லாவற்றுக்கும் சரியான பதில் வந்தது. அவள் தன் ஆட்சேபத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். செயலி வந்ததும் அறிவிப்புப் பலகையில் சுற்றறிக்கை ஒட்டுவதை நிறுத்தினோம்.

யார்டில் மேஸ்திரியாக இருந்தவன் என்னோடு ஒரே தெருவில் வளர்ந்தவன். பூச்சி சாகப் புகை போட்ட கண்டெய்னருக்குள் எப்போது ஆள் போகலாம் என்று ஒரு நாள் காலை செயலியைக் கேட்டான். கதவைத் திறந்து இரண்டு மணி நேரம் விட்டால் போதும் என்று வந்தது. அது பழைய விதி. கருவியால் வாயுவை அளந்த பிறகே போக வேண்டும் என்பது புதிய விதி. அந்த விஷயத்தில் பழைய சுற்றறிக்கைகள் ஏராளம். புதியது ஒன்றே ஒன்று. அள்ளி வந்த பத்துமே பழையவை. உள்ளே போன தொழிலாளி மயங்கி விழுந்தார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

விசாரணையில் மேஸ்திரி என் எதிரில் உட்கார்ந்திருந்தான். “போன்ல இன்னா வந்துச்சோ அத்தத்தான் சார் செஞ்சேன். இவரயே கேளுங்க.”

பொறியாளர் பெண் எழுதிக் கொடுத்த தாள் அன்றும் என் பையில் இருந்தது. “பதிலுக்குக் கீழே தேதி இருக்கும். பார்த்திருக்க வேண்டும்” என்றேன். தேதி இருந்தது உண்மைதான், பொடி எழுத்தில். அவனை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

மனம் கேட்காமல் அடுக்ககச் சங்கத்தில் பேசி இந்தக் காவல் வேலையை வாங்கிக் கொடுத்தேன். அதோடு தீரும் என்று நினைத்தேன். இப்போது பால் வாங்கப் போவதென்றாலும் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். என்னைக் கண்டதும் எழுந்து நிற்கிறான். அவன் மனைவி இறால் தொக்கு கொடுத்தனுப்புகிறாள். “நீ இல்லாங்காட்டி நான் இன்னா ஆயிருப்பேன் மாமு” என்கிறான். தப்பித்து வண்ணாரப்பேட்டையில் மகள் வீட்டில் போய்த் தங்கினேன். இரண்டாம் வாரம் போன் வந்தது. “இன்னா மாமு, வூட்டாண்ட ஆளயே காணோம்? ஒடம்பு நல்லா கீதா?” திரும்பி வந்துவிட்டேன்.

நேற்று மாலை இதை எழுதும் தாள்களோடு கீழே வாசலருகே உட்கார்ந்திருந்தேன்.

“இன்னா மாமு எழுதிகினு கீற?”

“யார்டு பத்தி.”

“நம்ம யார்டா! என் பேரு வருதா?”

“யார் பேரும் வராது.”

“பேரில்லாம இன்னா கத? சர்தான், நான் தப்பு பண்லன்னு ஒரு வரியாவது போடு மாமு. எம் பொண்ணு படிக்கும்.”

“போடறேன்.”

“போட்டுட்டு எனக்குப் படிச்சிக் காட்டணும், ஆங்.”

வெளியே ஒரு கார் ஹாரன் அடித்தது. அவன் போய், யார் வீட்டுக்கு என்று கேட்டு, நோட்டில் எழுதிக்கொண்ட பிறகே கதவைத் திறந்தான். அதற்குள் நான் தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மாடியேறிவிட்டேன்.

அவன் கேட்ட வரியை மேலே வந்துதான் எழுதினேன். அவன் தவறு செய்யவில்லை, நான் செய்தேன். இன்னும் அவனுக்குப் படித்துக் காட்டவில்லை.