மூன்று பிள்ளைகளோடு கல்வராயன் மலைக்கு

என் மகனுக்கு ஐப்பசி மழையில் காமாலை வந்தது. மழை விடுவதற்குள் போய்விட்டான். மின் நிலையத்தில் பயிற்சி முடித்து, பெர்மனென்ட் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எனக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எங்களுக்கு அவன் ஒரே பிள்ளை.

அவனுக்கு மூன்று சிநேகிதர்கள். எல்லோரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒருவன் பண்ருட்டி, ஒருவன் திருநெல்வேலி, இன்னொருவன் கோயம்புத்தூர்ப் பக்கம். வருஷா வருஷம் மார்கழிக் கடைசியில் நாலு பேரும் லீவு போட்டுவிட்டு, முதுகில் பையை மாட்டிக்கொண்டு கல்வராயன் மலைக்கு நடக்கப் போவார்கள். குளிரில் உதடு வெடித்துத் திரும்பி வருவான். வெண்ணெய் தடவிவிட்டுக்கொண்டே அவன் அம்மா திட்டுவாள். நடக்கிற பைத்தியம் அவனுக்கு என்னிடமிருந்துதான் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் சர்வே ஆட்களோடு அளவுச் சங்கிலி பிடித்துக்கொண்டு மலை மலையாகச் சுற்றியவன் நான். பிற்பாடும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் டவுன்ஷிப்பிலிருந்து சேத்தியாத்தோப்பு வரைக்கும் நடந்துவிட்டு பஸ்ஸில் திரும்புவேன்.

அந்த மார்கழியில் மூன்று பேரும் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார்கள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பண்ருட்டிப் பையன்தான் பேசினான்.

"அப்பா, நாங்க மலைக்குப் போறோம். நீங்களும் எங்ககூட வாங்க."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். "போய்ட்டு வாங்க," என்றாள். "இங்க இருந்து இன்னா பண்ணப் போறீங்க? ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துகினு ஒக்காந்திருக்கறதுக்கு."

அவனுடைய கித்தான் பையைத்தான் எடுத்துக்கொண்டேன். அவன் என்னைவிட உயரம். பட்டையைக் கடைசித் துளை வரைக்கும் இழுத்தும் பை இடுப்புக்குக் கீழே தொங்கியது. பட்டையில் ஒரு முடிச்சுப் போட்டுச் சரிசெய்தேன். கம்பளி, மங்கி குல்லா, கொஞ்சம் அரிசி, ஊறுகாய். அவர்கள் என் பையைத் தூக்கிப் பார்த்து, எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு அரிசியை எடுத்துத் தங்கள் பைகளில் வைத்துக்கொண்டார்கள்.

விருத்தாசலம், கள்ளக்குறிச்சி என்று பஸ் மாறி, மலையடிவாரத்தில் இறங்கி நடந்தோம். ஒற்றையடிப் பாதை. முதல் ஏற்றத்தில் அவர்களுக்குச் சமமாகவே நடந்தேன். இரண்டாவது ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. அவர்கள் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் ஆளுக்கொரு காரணம் சொல்லி நின்றார்கள். ஒருவனுக்குச் செருப்பு வார், ஒருவனுக்குத் தண்ணீர், ஒருவன் ஏதோ பறவையைக் காட்டினான். எனக்காக நிற்கிறார்கள் என்று தெரிந்தது.

"பையக் குடுங்கப்பா, நான் வெச்சுக்கறனுங்க," என்றான் கோயம்புத்தூர்ப் பையன்.

"வேணாம். இது அவன் பை."

அவன் முகம் சட்டென்று மாறிவிட்டது. நீட்டிய கையை இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

நான் எதற்காக வந்தேன் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. இவர்கள் அவனைப் பற்றிப் பேசுவார்கள், எனக்குத் தெரியாத நாலு விஷயம் தெரியவரும், அதை அவன் அம்மாவிடம் கொண்டுபோய்ச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். அவர்களோ, எனக்கு வலிக்கும் என்று அவன் பெயரைக்கூடச் சொல்லாமல் நடந்தார்கள். நான் பின்தங்கினால் முன்னால் சிரிப்புச் சத்தம் கேட்கும். நெருங்கினால் நின்றுவிடும்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு மேலே ஒரு சின்ன ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு மலைக்காரர் தன் சாமைக் கொட்டகையில் எங்களைத் தங்கவிட்டார். வழக்கமாக அவர்கள் தங்குகிற இடமாம். அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "அந்த நெட்டப் புள்ள வரலியா?" என்று கேட்டார். திருநெல்வேலிப் பையன் அவசரமாக, "இல்லீங்க, லீவு கெடைக்கல," என்றான். நான் கம்பளியை உதறுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

பையன்கள் ஓடைக்குப் போய்க் கல் கூட்டி உலை வைத்தார்கள். என்னை உட்கார்ந்திருக்கச் சொன்னார்கள். குளிர் ஏறிக்கொண்டே வந்தது. நெருப்புக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று நானும் இறங்கிப் போனேன். ஓடையோரம் இருந்த ஒரு பாறைக்கு இந்தப் பக்கம் வரும்போது என் மகனின் குரல் கேட்டது.

"ஏம்பா அடுப்பு, உனக்கு இன்னா கொற வெச்சேன்? எரிஞ்சித் தொலையேன்!"

அவன் குரலேதான். அந்தச் சலிப்பு, கடைசி வார்த்தையில் வருகிற அந்த இழுப்பு. பிறகு மற்ற இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. பாறையைச் சுற்றிப் போனேன். திருநெல்வேலிப் பையன் இடுப்பில் ஒரு கையை வைத்து, கழுத்தை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு, புகைகிற அடுப்பின் முன்னால் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டான்.

"நிறுத்தாதப்பா," என்றேன். "இன்னொரு தடவ பண்ணு."

"அப்பா... சும்மா வெளையாட்டுக்கு..."

"தெரியும். கோவமில்ல. ஒரு தடவ பண்ணு."

அவன் மற்றவர்களைப் பார்த்தான். பிறகு கையை இடுப்பில் வைத்தான். அதே வார்த்தைகளைச் சொன்னான். ஆனால் இப்போது அது திருநெல்வேலிப் பையனின் சொந்தக் குரலாகவே இருந்தது. மறுபடியும் முயன்றான். பாதியில் உதடு கோணி, "முடியலப்பா," என்று குந்திவிட்டான். நான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். சோறு வெந்தது. யாருக்கும் இறங்கவில்லை.

விடியற்காலையில் அவர்கள் எழுவதற்கு முன்னால் கிளம்பினேன். மலை விளிம்பில் ஒரு பாறை உண்டு, நாலு பேரும் அதில் உட்கார்ந்து சூரியன் கிளம்புவதைப் பார்ப்பார்கள் என்று மகன் எப்போதோ சொல்லியிருந்தான். மலைக்காரரிடம் வழி கேட்டுக்கொண்டு போனேன். பனி மூடிப் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பாறை தட்டுப்பட்டதும் ஏறி உட்கார்ந்தேன்.

அங்கே ஏதாவது இருக்கும் என்று நம்பியிருக்கிறேன். இல்லாவிட்டால் அவ்வளவு தூரம் ஏன் ஏறினேன்? ஈரப் பாறை, கீழே வெறும் வெள்ளை. அவன் வீட்டில் இல்லை, பவர் ஹவுஸில் இல்லை, இங்கேயும் இல்லை. இனிமேல் தேடிப் போக வேறு இடமும் கிடையாது. கம்பளியைக் கொட்டகையிலேயே விட்டு வந்திருந்தேன். விரல்கள் மரத்துப்போயின. அது வலியாக இல்லை. எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் பனிக்குள்ளிருந்து "அப்பா! அப்பா!" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இளவயதுக் குரல்கள். ஒரு பக்கம் ஒன்று, இன்னொரு பக்கம் ஒன்று. நான் பதில் சொல்லவில்லை. அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

பண்ருட்டிப் பையன்தான் கண்டுபிடித்தான். மேல்மூச்சு வாங்க வந்து நின்றான். "ஏம்ப்பா பதிலே சொல்லல? எவ்ளோ நேரமா கத்திகினு இருக்கோம்!"

"கேட்டுது."

"கேட்டும் ஒக்காந்துகினு இருக்கீங்களா?" என்னைத் திட்டத்தான் வாயைத் திறந்தான். ஆனால் குரல் உடைந்தது. "அவனத்தான் தூக்கிகினு போய் வெச்சிட்டு வந்தோம். இப்ப உங்களையுமா? வூட்ல அம்மாகிட்ட நாங்க இன்னா சொல்றது?"

அவன் சட்டை மட்டும்தான் போட்டிருந்தான். பல் தந்தியடித்தது. நான் எழுந்திருக்காவிட்டால் அவனும் நகரமாட்டான் என்று தெரிந்ததால் எழுந்தேன். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. கை கொடுத்து இறக்கிவிட்டான். இன்னும் இரண்டு நாள் தங்குவதாக இருந்தவர்கள், அன்றைக்கே கீழே இறங்கலாம் என்றார்கள். நானும் சரியென்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி வெந்நீர் வைத்தாள். நான் குளித்துச் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் காத்திருந்துவிட்டுக் கேட்டாள்: "அவனப் பத்தி இன்னா பேசுனாங்க?"

திருநெல்வேலிப் பையன் அவனைப்போல அடுப்பைத் திட்டிக் காட்டியதைச் சொன்னேன்.

"எப்படிப் பண்ணான்? காட்டுங்க."

எழுந்து நின்றேன். இடுப்பில் கை வைத்தேன். மகன் கழுத்தை எந்தப் பக்கம் சாய்ப்பான் என்று எனக்குச் சட்டென்று வரவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "விடுங்க," என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவனைப் பற்றி நாங்கள் ரொம்ப நாள் பேசவில்லை.

பையன்கள் பொங்கலுக்கு வந்தார்கள். சித்திரையில் ஒருமுறை வந்தார்கள். பிறகு ஷிப்ட், ஓவர்டைம், ஒருவனுக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று வருவது குறைந்தது. அவர்கள்மேல் ஒரு குறையும் இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போவது யாருக்கும் சுலபமில்லை.

அடுத்த மார்கழியில் முதல் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் மூன்று பேரும் முதுகில் பையோடு நின்றிருந்தார்கள். கூடவே நாலாவதாக ஒருவன், புதுப் பையன். எதற்கோ எல்லோரும் சிரித்தார்கள். நான் ரோட்டின் இந்தப் பக்கம் காலை ஊன்றி நின்றேன். பண்ருட்டிப் பையன் என்னைப் பார்த்துவிட்டான். கையைத் தூக்கினான், என்னிடம் வரலாமா வேண்டாமா என்று தயங்கினான். அதற்குள் விருத்தாசலம் பஸ் வந்து குறுக்கே நின்றது. அது போன பிறகு அங்கே யாரும் இல்லை.